இரண்டாவது போசி

இந்தக் காலத்து மனிதர்களுக்கு வாங்கத் தெரிகிறது, நிற்கத் தெரியவில்லை. முன்னெல்லாம் நோன்புக் கஞ்சிக்கு வருகிறவன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, ஊற்றியதை வாங்கிப் போவான். இப்போது வருகிறவன் கொப்பரைக்குள் எட்டிப் பார்க்கிறான். "இன்னிக்குத் தண்ணியா இருக்குதே" என்கிறான். முன்னால் நிற்கிறவன் விலாவில் முழங்கையால் இடிக்கிறான். வாங்கி முடித்ததும் மூத்திரச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கடைசியில் நிற்கிறான், புதுசாக வந்த ஆள் மாதிரி.

மஸ்தான் ராவுத்தர் பதினெட்டு ரமலானாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ராசிபுரத்துச் சின்னப் பள்ளிவாசலில் கஞ்சிக் கொப்பரையும் அகப்பையும் அவர் பொறுப்பு. எவனையும் அவர் நம்பமாட்டார். ஒருவர் போசியில் கஞ்சி ஊற்றியதும் கொப்பரையின் அடிக்கரியை விரலில் தொட்டு, போசியின் தூக்குப் பிடியில் ஒரு கோடு இழுத்துவிடுவார். கோடு விழுந்த போசி அன்றைக்கு மறுபடி வரக்கூடாது. வீட்டுக்கு ஒரு போசி. ஜமாத்து வீடானாலும் சரி, நெசவுக்கார வீடானாலும் சரி, சட்டம் ஒன்றுதான்.

அதுவும் இது சண்டைக் காலம். பர்மா அரிசி நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. கஞ்சியில் பாதி கம்பு நொய். இதில் ஒருத்தி இரண்டு போசி தூக்கிக்கொண்டு வந்தால் கோபம் வருமா, வராதா?

அந்த இரண்டாவது போசி இப்போது அவர் கையில் இருந்தது. இருபத்தோராம் நோன்பு அன்று காலை, சுபுஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தவர் அதை முற்றத்தில் மனைவி முன்னால் டங்கென்று வைத்தார்.

"நாலு நாளாப் பள்ளிவாசல் சாக்கடை ஓரம் கெடந்துச்சு. கேக்க ஆளில்லை. வயித்துல ஒரு சொட்டை விழுந்திருக்குது, தட்டி எடுத்தா ஆவும்."

ஆசியம்மா புளியும் சாம்பலுமாக எடுத்து வந்து உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். இரண்டு தேய்ப்புத் தேய்த்தவள் நிறுத்தினாள். போசியைக் கவிழ்த்து விளிம்புக்குக் கீழே பெருவிரலால் தடவினாள். மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு பிறை. அவளைப் பெற்ற அத்தா வீட்டில் சீர்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் வெட்டித் தந்த அடையாளம்.

"ஏனுங்க, இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"தறித்தெருக் கந்தம்மா இல்லை? அவ கொண்டாந்தது. ஒண்டிக்கட்டைக்கு ரெண்டு போசி கேக்குது. ஒண்ணை ஊத்திட்டு, இன்னொண்ணு யாருக்குன்னு கேட்டேன். ஒரு ஊட்டுக்குங்கறா. எந்த ஊட்டுக்குன்னா வாயே தொறக்கலை."

"பொறவு?"

"பொறவு என்ன? புருசன் செத்து ஏழு வருசமாச்சே, எவனுக்கு வச்சு ஊட்டறேன்னு கேட்டேன். அகப்பைக் காம்பால ஒரு தட்டு, பள்ளிவாசல் படி மூணும் உருண்டு கீழ போச்சு இது."

"எல்லாரும் இருக்கையிலயா?"

"அறுவது பேர் இருப்பாங்க. சிரிச்சாங்க. அவளுக்கு என்ன திமிருங்கறே? ஊத்தின கஞ்சியையும் பக்கத்துல நின்னவ சட்டியில கவுத்துப்போட்டு, தன்ற வெறும் போசியைத் தூக்கிட்டுப் போயிட்டா. அன்னியிலிருந்து ஆளைக் காணோம்."

ஆசியம்மாவின் கையிலிருந்த சாம்பல் உருண்டை தரையில் விழுந்தது.

"யா அல்லா! இது என்ற போசிங்க."

"உன்றதா? இதையும் திருடிப்போட்டாளா?"

"நான்தான் குடுத்தேன்." அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்துப் பேசியது அதிகம் இல்லை. "உங்க மவளுக்குக் குடுத்தேன். ஜொகரா ஆத்தூருக்குப் போகலீங்க. கந்தம்மா ஊட்லதான் இருக்கா."

ராவுத்தர் உட்காரவில்லை. சுவரில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டார்.

மகளை அவர் கடைசியாகப் பார்த்து முப்பத்தைந்து நாள் ஆகிறது. ஆத்தூர் மாமியார் வீட்டிலிருந்து ஒரு துணி மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக ஜொகரா வந்து வாசலில் நின்றாள். அவள் புருஷன் மலாயாவுக்குக் கப்பலேறிய மூன்றாம் மாதம் அங்கே ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதற்குப் பிறகு கடுதாசி இல்லை, ஆள் இருக்கிறானா இல்லையா என்பதும் தெரியாது. மகள் வந்து நிற்பதற்கு இரண்டு நாள் முன்னால் மாமியார் வீட்டிலிருந்து ராவுத்தருக்கு ஒரு கடுதாசி வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. மளிகைக் கடைக் கைலாசம் குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்துச் சொன்னான்: பெண்ணின் நடத்தை சரியில்லை, பிள்ளை எங்கள் பையனுடையது அல்ல.

எவனையும் நம்பாத மனிதர், அதை நம்பினார். வாசலில் நின்ற மகளிடம் கடுதாசி வந்ததைச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் பதில் சொல்லாமல் திரும்பிப் போனாள். போன வழியே ஆத்தூருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

"ஏரிக்கரை வரைக்கும் போய் உக்காந்துட்டாளாம்" என்றாள் ஆசியம்மா. "கந்தம்மா பாத்துக் கூட்டிட்டுப் போயிருக்கா. அவ தறிக்கு நான் நூலைத் தார் சுத்திக் குடுத்த பழக்கம்தான் எங்களுக்குள்ள. வெள்ளிக்கு வெள்ளி கொல்லைப்பக்கம் வந்து சேதி சொல்லிட்டுப் போவா. இருக்கற கம்பு, ராகி ஒரு கை குடுப்பேன். நோன்புக் கஞ்சியாவது வாங்கிக்கட்டும்னு போன வெள்ளிதான் இந்தப் போசியைக் குடுத்தேன்."

"ரெண்டு பொம்பளைங்களும் சேந்து என்னைக் கண்கட்டியிருக்கீங்க."

"அதைப் பொறவு பேசலாங்க. நாலு நாளு! கைப்புள்ளைக்காரி நாலு நாளா என்ன தின்னிருப்பா? தறி ஓடாத ஊட்ல என்ன இருக்கும்?"

அவள் உள்ளே போய் அரைப்படி கம்பு மாவைத் துணியில் முடிந்து கொண்டு வந்தாள். அதோடு வீட்டில் மாவு தீர்ந்தது. ராவுத்தர் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கூட வருகிறேன் என்றவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

தறித்தெருவில் தறிச் சத்தம் இல்லை. நூலுக்குக் கட்டுப்பாடு, பட்டும் வருவதில்லை. ஆண்கள் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் வீட்டிலோ புளியங்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது. முன்பெல்லாம் பிள்ளைகள் விளையாட்டுக்கு வறுத்துத் தின்னும். இப்போது ஊற வைத்து இடித்து அதையே களி கிண்டுகிறார்கள்.

கந்தம்மாள் வாசலிலேயே நின்றாள். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, நேரான முதுகு. கதவின் ஒரு பலகையைத் தனக்குப் பின்னால் சாத்தியிருந்தாள்.

"வாங்க ராவுத்தரே. எவன்னு பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

சாத்தியிருந்த பலகையைப் பார்த்தபடி ராவுத்தர் கேட்டார்.

"என்ற மவ உள்ள இருக்காளா?"

"இருக்கா."

"வெளிய வரச் சொல்லு."

"அவளுக்குக் காது நல்லாக் கேக்கும். வர்றதுன்னா வருவா."

யாரும் வரவில்லை. உள்ளிருந்து பிள்ளையின் சத்தம் மட்டும் வந்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. பூனைக்குட்டி சாக்குக்குள் கிடந்து முனகுகிற மாதிரி இருந்தது. ஒரு வயசு தாண்டிய பிள்ளை அப்படியா அழும்? ராவுத்தர் ஒரு அடி முன்னால் வைத்தார். கந்தம்மாள் நகரவில்லை.

"பாலு நின்னுபோச்சுங்க அவளுக்கு. மூணு நாளாக் காய்ச்சல். நானும் கீரையும் புளியங்கொட்டையும் வேக வச்சுக் குடுக்கறேன், புள்ளைக்கு ஒத்துக்கலை."

"ஆசியாகிட்டயாவது வந்து சொல்றதுக்கென்ன?"

"எப்படி வாரது? எல்லாம் தெரிஞ்சுதான் நீங்க தட்டிவிட்டீங்கன்னு நாங்க ரெண்டு பேரும் நெனச்சோம். அத்தா தெரிஞ்சே தட்டிவிட்ட கஞ்சி எனக்கு வேண்டாம், அந்த ஊட்டு வாசலுக்கும் போகாதீங்கன்னு உங்க மவ ஒரே புடி. உங்க ரத்தந்தானுங்க."

"எனக்குத் தெரியாது. அல்லா மேல ஆணையாத் தெரியாது."

"தெரியாமத்தான் அந்த வார்த்தை வந்துச்சுங்களா?"

பதில் இல்லாதபோது கோபப்படுவது அவர் வழக்கம்.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன? உங்க மவளுக்குத்தான் கொண்டு போறேன்னு ஒரு வார்த்தை! வாய் இல்லையா உனக்கு?"

"சொல்ல மாட்டேன்னு அவ தலையில கை வச்சிருந்தேன். அதும் போக, அறுவது பேர் நிக்கறாங்க. நான் வாயைத் தொறந்திருந்தா, ஊட்டை விட்டு மவளைத் தொரத்தினவர்னு உங்க மானமுந்தானே போயிருக்கும்?"

ராவுத்தர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தன் மானத்தை அவர் உருட்டிவிட்ட நேரத்தில் இவள் அவர் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதை எவன் நம்புவான்? இதில் வேறு ஏதோ இருக்கவேண்டும்.

கக்கத்திலிருந்த முடிச்சை நீட்டினார். "கம்பு மாவு. புள்ளைக்குக் கரைச்சுக் குடு."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தொண்டை கட்டிய, ஆனால் தடுமாறாத குரல்.

"அக்கா, அதை அவர்கிட்டயே குடுத்துருங்க."

"ஜொகரா! உம்மேல கோவம்னா எம்மேல காட்டு. புள்ளை என்ன பண்ணுச்சு?"

"இந்தப் புள்ளை யாரோடதுன்னு கேட்டீங்களே அத்தா. இப்ப யாரோட புள்ளைக்கு மாவு கொண்டாந்தீங்க?"

தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஆத்தூர்ல கேட்ட அதே கேள்வியை என்னைக் கேட்டீங்க. நான் பொறுத்துக்கிட்டு வந்துட்டேன். எனக்குச் சோறு போட்ட பாவத்துக்கு அக்காளையும் அதையே கேட்டீங்க, ஊர் கூடி நிக்கற எடத்துல. மொதல்ல அவங்களுக்குப் பதில் சொல்லுங்க. அவங்க மனசு ஆறாம உங்க கையால ஒரு பருக்கை இந்தப் படி தாண்டாது."

அவ்வளவுதான். பிள்ளை மறுபடி முனகியது.

ராவுத்தர் கந்தம்மாளிடம் திரும்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "சரி. தப்புத்தான். பொறுத்துக்க."

"எனக்கு மட்டும் கேக்கற மாதிரி இந்தச் சந்துல சொல்லி எனக்கு என்னாவறதுங்க? நேத்து அந்தப் பச்சமுத்து என் ஊட்டு முன்னாடி நின்னு, ரெண்டாவது போசி காலியா இருக்குதான்னு கேட்டுச் சிரிச்சுட்டுப் போறான். தண்ணிக்குப் போனா பொம்பளைங்க பேச்சை நிறுத்தறாங்க. யார் காதுல விட்டீங்களோ அவங்க காதுல போய் எடுங்க. பொறவு பாக்கலாம்."

மாவு முடிச்சைத் தூணோரம் வைத்துவிட்டு ராவுத்தர் நடந்தார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தபோது அது வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு கோழி அதைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

*

பகல் லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் காலியாகும் வரை அவர் கைகால் கழுவும் ஹவுளுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம் போனார். ஹஜ்ரத்துக்கு முப்பது வயதுகூட இல்லை. தாடி முழுசாக வளராதவன் சொல்வதை எப்படிக் கேட்பது என்பது ராவுத்தரின் பழைய குறை. இன்றைக்கு வேறு ஆள் இல்லை.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சொல்லி முடித்து, "நீங்க வந்து என்ற மவளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லோணும். பெத்தவன் பேச்சைக் கேக்கணும்னு மார்க்கத்துல இருக்குதில்ல?" என்றார்.

"இருக்குது. பெத்தவன் எப்படி நடந்துக்கணும்னும் இருக்குது. ரெண்டையும் சொல்லட்டுமா?"

ராவுத்தர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"இருவது நோன்பு வச்சிருக்கேன் ஹஜ்ரத்து. இந்த வயசுல, இந்த வெயில்ல. அதுக்கொரு மதிப்பு இல்லையா? வேணும்னா பெருநாள் கழிஞ்சு இன்னும் பத்து சேத்து வைக்கறேன்."

"அது அல்லாவுக்கும் உங்களுக்கும் உள்ளது. அவன் மன்னிக்கறவன். கந்தம்மாளுக்கு நீங்க செஞ்சதைக் கந்தம்மாதான் பொறுத்துக்கணும். அவளுக்குப் பதிலா அல்லா பொறுத்துக்க மாட்டான்."

"அவ நம்ம மார்க்கத்துக்காரி இல்லையே."

"நாக்கு நம்மளுதுதானே ராவுத்தரே?"

பின்னால் யாரோ கஞ்சி அடுப்புக்கு விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

"நபிகள் நாயகத்துக்கிட்ட ஒரு பொம்பளையைப் பத்திச் சொன்னாங்க" என்றார் ஹஜ்ரத். "ராவெல்லாம் தொழுவறா, பகலெல்லாம் நோன்பு, கைநெறையத் தருமம். ஆனா பக்கத்து ஊட்டுக்காரங்களை நாக்கால குத்திக்கிட்டே இருப்பா. அவ கதி என்னன்னு கேட்டாங்க. நரகம்னு சொல்லிட்டாங்க நாயகம். தொழுகையையும் நோன்பையும் அவங்க கணக்குலயே எடுக்கலை."

"அந்தப் பக்கத்து ஊட்டுக்காரங்க அவளை என்ன பண்ணாங்களோ. அதை யாரு கேட்டா?"

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டு, "புள்ளை எப்படி இருக்குது?" என்றார்.

ராவுத்தர் தோள்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லா நடந்துக்கிட்டா தலையில ஏறுவானுங்க ஹஜ்ரத்து. அறுவத்திரெண்டு வருசமாப் பாத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஆனால் போனது வீட்டுக்கு. சொட்டை விழுந்த போசியையும், அடுப்படியிலிருந்த இன்னொரு போசியையும் எடுத்துக்கொண்டு பிற்பகல் அஸர் தொழுகைக்குத் திரும்பி வந்தார்.

*

அன்றைக்குக் கொப்பரை பக்கத்தில் ராவுத்தர் நிற்கவில்லை. அகப்பையை ஹஜ்ரத் கையில் கொடுத்துவிட்டார்.

"நீங்க ஊத்துங்க. கோடு போட மறந்துறாதீங்க."

சொல்லிவிட்டு மூன்று படியும் இறங்கினார். வரிசை பள்ளிவாசல் முக்குத் தாண்டி நின்றது. கடைசியில் போய் நின்றார், இரண்டு கையிலும் இரண்டு போசி.

முதலில் பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. பிறகு முணுமுணுப்பு முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலுமாக ஓடியது. வரிசை மெதுவாக நகர்ந்தது. பதினெட்டு வருஷம் அகப்பைப் பக்கமே நின்றவருக்கு வரிசைப் பக்கம் எவ்வளவு வெயில் அடிக்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை. முன்னால் நின்ற கிழவன் ஒருவன் தள்ளாடி அவர் மேல் சாய்ந்தான். அவன் முழங்கை விலாவில் இடித்தது.

அவர் படிக்கு வந்து சேர்ந்தபோது, வாங்கியவர்களும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். சுவரோரம் சாய்ந்திருந்த பச்சமுத்து, வண்டி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காதவன், உரக்கக் கேட்டான்.

"ஏனுங்க ராவுத்தரே, ரெண்டு போசியாட்டம் இருக்குது? இன்னொண்ணு எவளுக்குங்க?"

குபீரென்று சிரிப்பு. அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. அன்றைக்கு அது காதுக்கு இதமாக இருந்தது.

"சிரிங்க. சிரிச்சு முடிங்க. பொறவு சொல்றேன்."

சிரிப்பு தானாக நின்றது.

"நாலு நாளைக்கு முந்தி இதே படியில நின்னு தறித்தெருக் கந்தம்மாளை ஒரு வார்த்தை கேட்டேன். அந்த வார்த்தை பொய். அவ கொண்டுபோன ரெண்டாவது போசி என்ற மவளுக்கு. நான் ஊட்டுக்குள்ள விடாத மவ. ஆத்தூர்லயும் இடமில்லாம இந்த ஊர்லயே கெடந்திருக்கா, நான் இங்க அகப்பையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்." ஒரு முறை செருமிக்கொண்டார். "சோறு போட்டவளை நான் அப்படிக் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. சிரிச்சவன் எவனாச்சும் இனி அவ வாசல்ல நின்னு பேசினான்னா அவன் என்னையும் சேத்துத்தான் பேசறான். அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தி காதில் "ஆத்தூர்ல தொரத்திவிட்ட புள்ளையாமா" என்றது அவருக்குக் கேட்டது. நாளைக்குள் ஊர் முழுக்க இது போய்விடும். இத்தனை நாள் எதை மூடி வைக்கக் கதவைச் சாத்தினாரோ அது இப்போது படியில் கிடந்தது.

போசி இரண்டையும் ஹஜ்ரத்திடம் நீட்டினார். ஹஜ்ரத் இரண்டிலும் விளிம்பு தொடும்படி ஊற்றினார். ராவுத்தர் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு நடந்தார்.

*

அவருக்கு முன்னால் சேதி தறித்தெருவுக்குப் போய்விட்டிருந்தது. வாசல்தோறும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். கந்தம்மாள் அதே இடத்தில், அதே மாதிரி நின்றாள். கதவின் இரண்டு பலகையும் திறந்திருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது.

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு அவளுக்கு."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"பொறுத்துக்கிட்டியா?"

"ஆவட்டும்."

"ஆவட்டும்னா?"

"ஆவட்டும்னா ஆவட்டும்தானுங்க. நாளைக்குப் பச்சமுத்து வாயை மூடிட்டு இந்தத் தெருவுல போனான்னா முழுசாச் சொல்றேன்."

அவள் உள்ளே போனாள். ராவுத்தர் வெளியே நின்றபடி காதைக் கொடுத்தார். போசி திறக்கிற சத்தம். பாலாடைச் சங்கு ஈயக் கிண்ணத்தில் இடிக்கிற சத்தம். முனகல் நின்றது. பிறகு பிள்ளை விழுங்குகிற சத்தம், அவசர அவசரமாக. இருமியது. மறுபடி விழுங்கியது.

பொழுது சாய்ந்து, தூரத்தில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு எழுந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நோன்பு திறக்கக் கையில் ஒன்றும் கொண்டு வரவில்லை. கந்தம்மாள் ஒரு சொம்புத் தண்ணீருடன் வந்து நீட்டினாள்.

"குடிங்க. அங்க கூப்பிட்டாச்சில்ல."

பிஸ்மி சொல்லிக் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

"அத்தா."

சொம்பு பாதியில் நின்றது.

"அக்கா மனசுக்கு வேண்டியதைச் செஞ்சுட்டீங்கன்னு சொன்னாங்க. புள்ளை குடிச்சுட்டான். நான் இன்னும் தொடலை. ஒண்ணு கேக்கறேன்."

"கேளு சாமி."

"ஆத்தூர்க் கடுதாசியை நான் கண்ணால பாக்கலை. அதை ஹஜ்ரத்து கையில குடுத்து, என்ற முன்னால, எழுத்து எழுத்தாப் படிக்கச் சொல்லுங்க. என்ற மாமனாருக்கு எழுதத் தெரியாது. மாமியாளுக்கும் தெரியாது. அதை யார் எழுதினான்னு எனக்குத் தெரியோணும். அது தெரியற வரைக்கும் நான் உங்க ஊட்டுப் படி ஏற மாட்டேன்."

ராவுத்தர் சொம்பைத் தூணோரம் வைத்தார். காலையில் வைத்த மாவு முடிச்சு அங்கே இல்லை. யாரோ எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள்.

"நாளைக்குக் கொண்டாறீங்களா அத்தா?"

கைலாசம் படித்துச் சொன்ன அன்றைக்கே, ஆசியம்மா கண்ணில்கூடப் படக்கூடாதென்று, அந்தக் கடுதாசியை அவர் அடுப்பில் போட்டு எரித்திருந்தார். எரிந்து சுருண்டு சாம்பலாகும் வரை குச்சியால் கிளறிக்கொண்டு நின்றிருந்தார்.

"பாக்கலாம்" என்றார்.

கந்தம்மாள் சொட்டைப் போசியைத் திரும்பக் கொண்டு வந்து கொடுத்தாள். கை கனத்தது. உள்ளே கால் போசிக் கஞ்சி இருந்தது.

"இது எதுக்கு?"

"ஆசியம்மாக்காவும் நோன்புதானே? அங்க அடுப்பு மூட்டியிருக்க மாட்டாங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். இந்தப் பொம்பளைக்கு இதில் என்ன லாபம்? ஒரு காரணமும் இல்லாமல் ஒருத்தி இப்படி நடந்துகொள்வாளா? அவள் கண்ணில் பசி மட்டும்தான் தெரிந்தது. திரும்பி நடந்தார்.

ஏரிக்கரையில் காற்று அடித்தது. நல்லபடியாக நடந்துகொள், எல்லாம் சரியாகும் என்கிறார்கள். நடந்தாயிற்று. ஊர் முன்னால் தலை குனிந்தாயிற்று. மகள் இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள், அவளிடம் காட்டச் சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லை. கைலாசம் படித்தபடிதான் எழுதியிருந்ததா என்பதுகூட அவருக்குத் தெரியாது. இதற்கு ஹஜ்ரத் என்ன சொல்வார்? இன்னும் நல்லபடியாக நடந்துகொள் என்பார். அவருக்கென்ன, தாடி வளராத ஆள்.

கை மாற்றுவதற்காகப் போசியைத் தூக்கியபோது மங்கல் வெளிச்சத்தில் பிடி கண்ணில் பட்டது. நின்று திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்தும் பார்த்தார். கரி ஒட்டவில்லை. ஹஜ்ரத் கோடு போடவே இல்லை.

"சொல்லிட்டுத்தானே வந்தேன்" என்று வாய்விட்டு முனகினார். "இப்படி விட்டா நாளைக்கு ஊரே ரெண்டு போசி தூக்கிட்டு வரும்."

தலையை ஆட்டிக்கொண்டு, கஞ்சி சிந்தாமல் போசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மஸ்தான் ராவுத்தர் கரையிறங்கிப் போனார்.